‘தாத்தா தாமே சட்டை போட்டுக்கொள்கிறாரா?’ பதில் சொல்பவரை எவ்வளவு நம்பலாம்?

மாணவர்களே, உங்களுக்கு இரண்டு கேள்விகள். உங்கள் அப்பாவிடம் கேட்காமலேயே பதில் சொல்ல வேண்டும். ஒன்று: நேற்று அவர் தம் சட்டைப் பொத்தான்களைத் தாமே போட்டுக்கொண்டாரா? இரண்டு: நேற்று மாலை அவர் மனம் எப்படி இருந்தது?

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் வந்துவிடும். கண்ணால் பார்த்த விஷயம் அது. இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசிப்பீர்கள். “அதிகம் பேசவில்லை, அதனால் களைப்பாக இருந்திருப்பார்” என்று ஒரு பதிலைக் கண்டுபிடிப்பீர்கள். முதலாவது உற்றறிதல். இரண்டாவது ஊகித்தல். அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்று தொடக்கப்பள்ளியிலேயே இவற்றைப் படித்திருக்கிறீர்கள்.

பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவரின் குடும்பத்தாரிடம் மருத்துவர்கள் கேட்பதும் இந்த இரு வகைக் கேள்விகளைத்தான். தாமே குளிக்கிறாரா? படி ஏறுகிறாரா? வலி இருக்கிறதா? மனச்சோர்வு தெரிகிறதா? பிசியோதெரபியைத் தொடர்வதா, வீட்டில் கைப்பிடி பொருத்துவதா, அவரைத் தனியாக விடலாமா என்பதெல்லாம் அந்தப் பதில்களைப் பொறுத்தே முடிவாகின்றன. ஆனால், பதில் சொல்பவர் நோயாளி அல்லர். மனைவி, மகள், பேரன், சில வேளைகளில் வீட்டுப் பணிப்பெண். அவர்கள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? மருத்துவ ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக அளந்து பார்த்துவரும் கேள்வி இது.

நோயாளியிடமே கேட்டால் என்ன?

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. பெரும்பாலானவை அடைப்பினால் வருபவை. பெரிய இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டுச் சிகிச்சை கிடைக்காமல் போனால், ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 1.9 மில்லியன் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006இல் கணக்கிட்டார்.

எந்த இடத்தில் அணுக்கள் அழிகின்றனவோ, அந்த இடம் செய்துவந்த வேலை பாதிக்கப்படும். பெரும்பாலானோருக்கு மொழியை ஆளும் பகுதி மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அங்கே பாதிப்பு ஏற்பட்டால் வலக் கை, வலக் கால் பலவீனமாவதோடு பேச்சும் போகலாம். சிலருக்குச் சொல்ல நினைப்பது சொல்லாக வருவதில்லை. வேறு சிலருக்குப் பிறர் பேசுவது புரிவதில்லை. இவர்களிடம் 20 கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்வது எளிதன்று.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர் சரளமாகப் பேசக்கூடும். ஆனால், அங்கே இன்னொரு சிக்கல் உண்டு. தம் இடக் கை அசையவில்லை என்பதையே சிலர் உணர்வதில்லை. “கையைத் தூக்குங்கள்” என்றால், தூக்கிவிட்டதாகவே சொல்வார்கள். பொய் சொல்லவில்லை, குறையை உணரும் ஆற்றலே மூளையில் பாதிக்கப்பட்டிருக்கிறது. 1914இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜோசஃப் பாபின்ஸ்கி இந்த நிலைக்கு ‘அனோசோக்னோசியா’ என்று பெயரிட்டார்.

ஆகவே, நோயாளியின் வாய்மொழி மட்டும் எப்போதும் போதாது. அருகில் இருப்பவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்றாட வாழ்க்கைக்கு ஒரு மதிப்பெண்

காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. ‘தாமே வாழும் திறனை’ எதைக் கொண்டு அளப்பது?

1965இல் அமெரிக்காவின் மேரிலேண்ட் மாநிலத்தில் ஃபுளோரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டோரத்தியா பார்த்தெல் என்ற பிசியோதெரபிஸ்டும் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். பார்த்தெல் குறியீடு என்று இன்றும் உலகெங்கும் புழங்கும் அளவுகோல் அது. அதில் 10 செயல்கள் உள்ளன: சாப்பிடுதல், குளித்தல், முகம் கழுவித் தலை சீவுதல், உடை உடுத்துதல், மலம் அடக்குதல், சிறுநீர் அடக்குதல், கழிவறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடத்தல், படி ஏறுதல். ஒவ்வொன்றுக்கும் 5, 5ஆக மதிப்பெண். எல்லாவற்றையும் பிறர் உதவியின்றிச் செய்தால் 100. எதையுமே செய்ய இயலாவிட்டால் 0.

சாப்பிடுதலை மட்டும் எடுத்துப் பார்ப்போம். தாமே சாப்பிட்டால் 10. உணவை வெட்டித் தருவது போன்ற உதவி தேவைப்பட்டால் 5. பிறர் ஊட்ட வேண்டியிருந்தால் 0. மிக எளிது போலத் தெரிகிறது, இல்லையா?

நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வாருங்கள். வலக் கை விழுந்துவிட்ட ஒரு தாத்தா இடக் கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழகிவிட்டார். அவரைக் கேட்டால், “நானேதான் சாப்பிடுகிறேன்” என்பார். அது உண்மை. பாட்டியைக் கேட்டால், “சோற்றைப் பிசைந்து, மீனில் முள் எடுத்து நான்தானே வைக்கிறேன்” என்பார். அதுவும் உண்மை. தாத்தாவின் பதிலுக்கு 10. பாட்டியின் பதிலுக்கு 5. ஒரே தட்டு, ஒரே சோறு, இரண்டு மதிப்பெண்.

ஆய்வுகள் கண்டது என்ன?

நோயாளியிடம் ஒரு முறை, பராமரிப்பவரிடம் தனியாக ஒரு முறை, அதே கேள்விகளைக் கேட்டு விடைகளை ஒப்பிடுவதுதான் இத்தகைய ஆய்வுகளின் வழக்கமான முறை. அமெரிக்காவில் 1994இல் வெளியான ஓர் ஆய்வு, நெதர்லாந்தில் ஸ்னேயுவும் அவர் குழுவினரும் 1997இல் வெளியிட்டது, இங்கிலாந்தில் பார்த்தெல் குறியீட்டைக் கொண்டு 1999இல் வெளியானது, அமெரிக்காவில் பமெலா டங்கன் குழுவினர் 2002இல் வெளியிட்டது என்று பல உண்டு. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மீளாய்வு ஒன்று 2010இல் கனடாவிலிருந்து வெளிவந்தது. இவற்றிலிருந்து இரண்டு செய்திகள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன.

முதல் செய்தி: கண்ணால் காணக்கூடிய செயல்களில் இருவர் பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நடக்கிறாரா, குளிக்கிறாரா, உடை உடுத்துகிறாரா என்பன போன்றவை இவை. மனநிலை, வலி, நினைவாற்றல், பிறரோடு பழகும் விருப்பம் போன்றவற்றில் ஒப்புமை குறைகிறது. உற்றறிந்ததில் பலம், ஊகித்ததில் பலவீனம்.

இரண்டாம் செய்தி: பதில்கள் வேறுபடும்போது அந்த வேறுபாடு பெரும்பாலும் ஒரே திசையில் சாய்கிறது. நோயாளி தம்மைப் பற்றிச் சொல்வதைவிட, பராமரிப்பவர் அவர் நிலையை இன்னும் மோசமாகச் சொல்கிறார். நாணயத்தைச் சுண்டுவது போல் இப்படியும் அப்படியும் விழும் பிழை வேறு. எப்போதும் ஒரே பக்கம் சாயும் பிழை வேறு. பின்னதைச் சாய்வுப் பிழை எனலாம். ஆய்வகத்தில் சுழியத்தில் நில்லாத தராசு ஒவ்வொரு முறையும் 2 கிராம் கூட்டிக் காட்டுமே, அதைப் போன்றது.

ஏன் வேறுபடுகின்றன?

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். காரணங்கள் வேறு.

முதலாவது, ‘முடியும்’ வேறு, ‘செய்கிறார்’ வேறு. பத்து நிமிடம் கொடுத்தால் தாத்தாவே சட்டை போட்டுக்கொள்வார். ஆனால், காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அம்மா இரண்டே நிமிடத்தில் போட்டுவிட்டுப் போகிறார். “முடியும்” என்கிறார் தாத்தா. “நான்தான் போட்டுவிடுகிறேன்” என்கிறார் அம்மா. பார்த்தெல் குறியீட்டைப் பயன்படுத்துவதற்கான வழிகாட்டி இதில் தெளிவாக இருக்கிறது: நோயாளியால் எது முடியும் என்பதை எழுதக்கூடாது, அவர் எதைச் செய்கிறார் என்பதையே எழுத வேண்டும். அதுவும் கடந்த ஓரிரு நாளில் நடந்ததை.

இரண்டாவது, பார்த்த நேரம். சனி, ஞாயிறு மட்டும் வந்து பார்க்கும் மகனுக்கும் நாள் முழுதும் உடனிருக்கும் பணிப்பெண்ணுக்கும் தெரிந்தவை வேறு. குளியலறைக்குப் போகும்போது தாத்தா எத்தனை முறை சுவரைப் பிடிக்கிறார் என்பது பணிப்பெண்ணுக்குத்தான் தெரியும். ஆனால், பக்கவாதத்துக்கு முன் அவர் எவ்வளவு கலகலப்பானவர் என்பது மகனுக்குத்தான் தெரியும். மின்தூக்கி உள்ள அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் மாதக்கணக்கில் படியே ஏறியிருக்க மாட்டார். “படி ஏறுவாரா?” என்ற கேள்விக்கு அந்த வீட்டில் யார் பதில் சொன்னாலும் அது ஊகமே.

மூன்றாவது, ஒப்பிடும் புள்ளி. தாத்தா தம் நிலையை மருத்துவமனைப் படுக்கையில் கிடந்த நாளோடு ஒப்பிடுகிறார். “எவ்வளவோ தேறிவிட்டேன்” என்கிறார். மகள், அப்பா மோட்டார் சைக்கிளில் சந்தைக்குப் போய்வந்த நாளோடு ஒப்பிடுகிறார். “அப்பா முன்போல் இல்லை” என்கிறார். தொடக்கப் புள்ளி மாறினால் இடப்பெயர்ச்சியும் மாறும் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள்.

நான்காவது, பராமரிப்பவரின் சுமை. இரவில் மூன்று முறை எழுந்து, பகலில் வேலைக்கும் போகும் ஒருவருக்குச் சிறு உதவியும் பெரிதாகத் தெரியக்கூடும். பராமரிப்பவரின் களைப்புக்கும் மன அழுத்தத்துக்கும் இந்தப் பதில் வேறுபாட்டுக்கும் தொடர்பு இருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நம் நாட்டில் ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும். அது மொழி. அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவர் மலாயில், “போலே ஜாலான் செண்டிரி?” என்று கேட்கிறார். பாட்டிக்குத் தமிழ்தான் தெரியும். உடன் போன நீங்கள்தான் மொழிபெயர்க்கிறீர்கள். “பாட்டி, தனியா நடக்க முடியுமா?” என்று கேட்டால் ஒரு பதில் வரும். “பாட்டி, வீட்டில் தனியாகத்தான் நடக்கிறீங்களா?” என்று கேட்டால் வேறொரு பதில் வரலாம். ‘போலே’ என்ற ஒரு சொல்லை நீங்கள் தமிழில் எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் மதிப்பெண் மாறுகிறது.

ஒப்புமையை அளப்பது எப்படி?

‘ஒத்துப்போகிறது’ என்று சொன்னால் போதாது, எண் வேண்டும். இங்கே கணிதம் உதவிக்கு வருகிறது. விளக்கத்துக்காக ஐந்து நோயாளிகளின் மதிப்பெண்களைக் கற்பனை செய்துகொள்வோம். நோயாளிகள் தமக்குத் தாமே தந்தவை: 60, 70, 75, 85, 95. பராமரிப்பவர்கள் தந்தவை: 50, 60, 65, 75, 85. வரைபடத்தில் குறித்தால் ஐந்து புள்ளிகளும் ஒரே நேர்க்கோட்டில் விழும். ‘தொடர்பு மிகச் சரியாக இருக்கிறது’ என்று சொல்லத் தோன்றும். ஆனால், ஒரு ஜோடி மதிப்பெண்கூட ஒன்றாக இல்லை! எல்லாமே 10 குறைவு. ஆகவே, தொடர்பு வேறு, ஒப்புமை வேறு. ஆய்வுக் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிடக்கூடாது.

இன்னொரு பொறியும் உண்டு. ‘தாமே உடை உடுத்துகிறாரா?’ என்று 100 நோயாளிகளையும் அவர்களைப் பராமரிக்கும் 100 பேரையும் கேட்டதாக வைத்துக்கொள்வோம். இரு தரப்பிலும் 80 பேர் ‘ஆம்’, 20 பேர் ‘இல்லை’ என்கிறார்கள். ஜோடி ஜோடியாகப் பார்த்தால் 72 ஜோடிகளில் இருவருமே ‘ஆம்’, 12 ஜோடிகளில் இருவருமே ‘இல்லை’. மொத்தம் 84 விழுக்காடு ஒப்புமை. அருமை என்று தோன்றுகிறதா?

சற்றுப் பொறுங்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, ஆனால் அதே 80க்கு 20 என்ற விகிதத்தில் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகும்? இருவருமே ‘ஆம்’ சொல்ல வாய்ப்பு 0.8 × 0.8 = 0.64. இருவருமே ‘இல்லை’ சொல்ல வாய்ப்பு 0.2 × 0.2 = 0.04. கூட்டினால் 0.68. அதாவது, தற்செயலாகவே 68 விழுக்காடு ஒப்புமை கிடைத்துவிடும்!

தற்செயலைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைக் கணக்கிடும் வழியை அமெரிக்க உளவியலாளர் ஜேகப் கோஹன் 1960இல் தந்தார். அதன் பெயர் கப்பா.

கப்பா = (கண்ட ஒப்புமை − தற்செயல் ஒப்புமை) ÷ (1 − தற்செயல் ஒப்புமை)

நம் எடுத்துக்காட்டில் (0.84 − 0.68) ÷ (1 − 0.68) = 0.16 ÷ 0.32 = 0.5. முழு ஒப்புமை என்றால் 1 வரும். வெறும் தற்செயல் என்றால் 0 வரும். 1977இல் லேண்டிஸ், கோக் என்ற இருவர் தந்த அட்டவணைப்படி 0.41 முதல் 0.60 வரை ‘நடுத்தர ஒப்புமை’. 84 விழுக்காடு என்று மிடுக்காகத் தெரிந்தது நடுத்தரமாக இறங்கிவிட்டது, பார்த்தீர்களா?

அப்படியானால் பராமரிப்பவரைக் கேட்கவே வேண்டாமா?

அது இன்னும் பெரிய பிழையாகிவிடும். ஒரு புதிய மருந்தைச் சோதிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 624 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஒரு புகழ்பெற்ற சோதனையின் முடிவு 1995இல் வெளியானது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பக்கவாதம் தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் செலுத்தினால் பயன் உண்டு என்று காட்டியது அது. மூன்று மாதம் கழித்து நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கப் பயன்பட்ட அளவுகோல்களில் பார்த்தெல் குறியீடும் ஒன்று. இது போன்ற சோதனையில் பேச முடியாதவர்களையெல்லாம் ‘பதில் இல்லை’ என்று ஒதுக்கிவிட்டால் யார் மிஞ்சுவார்கள்? பாதிப்பு குறைந்தவர்களே அதிகமாக மிஞ்சுவார்கள். நன்றாகத் தேறியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, எல்லாரும் தேறிவிட்டார்கள் என்று சொன்னது போலாகிவிடும். பராமரிப்பவரின் பதிலில் சிறு சாய்வு இருக்கலாம். ஆனால், அந்தப் பதிலே இல்லாவிட்டால், மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்கள் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார்கள்.

எனவே, ஆய்வாளர்கள் அந்தப் பதிலைத் தூக்கி எறிவதில்லை, கவனமாகப் பயன்படுத்துகிறார்கள். யார் பதில் சொன்னார் என்பதைக் குறித்துக்கொள்கிறார்கள். முதல் மாதம் மனைவியைக் கேட்டால் மூன்றாம் மாதமும் மனைவியையே கேட்க முயல்கிறார்கள். தேவையானபோது சிகிச்சையாளர் ஒருவர் நேரில் நின்று, “இந்தச் சட்டையைப் போட்டுக் காட்டுங்கள்” என்று பார்க்கிறார்.

சட்டை விஷயத்தில் இப்படிச் சோதித்துவிடலாம். வலியையும் மனநிலையையும் அப்படிச் சோதிக்க வழியில்லை. அவற்றை உள்ளிருந்து அறிந்தவர் நோயாளி ஒருவரே. பேச்சுப் போனவரிடமும் படங்களைக் காட்டி, தலையசைப்பைக் கேட்டு, முகங்கள் வரைந்த அட்டையில் ஒன்றைத் தொடச் சொல்லி, முடிந்தவரை அவரையே கேட்பது நல்லது. அவர் வாய் பேசவில்லை என்பதால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று பொருளாகாது.

உங்களிடம் கேட்டால்...

நம் குடும்பங்களில் தாத்தா பாட்டியோடு கிளினிக்குக்குப் போவது பல வேளைகளில் பேரப்பிள்ளைகள்தான். மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேட்கும்போது இவற்றை நினைவில் வையுங்கள்.

• பார்த்ததை ‘பார்த்தேன்’ என்றும், நினைப்பதை ‘நினைக்கிறேன்’ என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

• ‘பரவாயில்லை’, ‘கொஞ்சம் கஷ்டம்’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். ‘நேற்று இரண்டு முறை நாற்காலியிலிருந்து எழ உதவி தேவைப்பட்டது’ என்று எண்ணோடு சொல்லுங்கள்.

• ‘முடியும்’, ‘செய்கிறார்’ இரண்டையும் தனித்தனியே சொல்லுங்கள்.

• தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். உடனிருந்து பார்ப்பவர் வேறொருவர் என்றால், அவரைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

• வலி, தூக்கம், மனநிலை பற்றி அவருக்காக நீங்கள் பதில் சொல்வதற்கு முன், அவர் பக்கம் திரும்பி அவரைக் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: வீட்டுப் பெரியவர் ஒருவர் (அவர் சம்மதத்தோடு), நீங்கள், தாள், எழுதுகோல்.

‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் வரும் 20 கேள்விகளை எழுதுங்கள். பத்து, பார்க்கக்கூடியவை: நேற்று மாத்திரை சாப்பிட்டாரா, கண்ணாடி அணிந்து நாளிதழ் படித்தாரா என்பன போல. பத்து, ஊகிக்க வேண்டியவை: நேற்று முழங்கால் வலித்ததா, எதைப் பற்றியாவது கவலைப்பட்டாரா என்பன போல. பெரியவர் தனியாகவும் நீங்கள் தனியாகவும் பதில் எழுதுங்கள். பிறகு இரு வகைக்கும் தனித்தனியே ஒப்புமை விழுக்காட்டையும் கப்பாவையும் கணக்கிடுங்கள்.

இந்தச் சோதனையில் தற்சார்பு மாறி கேள்வியின் வகை. சார்பு மாறி ஒப்புமையின் அளவு. கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது என்பதை நீங்களே கண்டுபிடியுங்கள். இரு விடைத்தாள்களும் எங்கே வேறுபட்டன என்று பார்த்து, அந்தக் கேள்விகளைப் பற்றிப் பெரியவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவருக்கு முழங்கால் வலிப்பது வீட்டில் யாருக்குமே தெரியாமல் இருந்திருக்கலாம்.

நினைவில் வையுங்கள்: திடீரென்று முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கலாம். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995. அறிகுறி தொடங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.